தீபாவளித் துணிக்கு எவ்வளவு? எங்கள் நான்கு வீடுகள் போட்டுப் பார்த்த கணக்கு

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கார்த்திகை தீபத்தன்று என் சின்ன ஓரகத்தி ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி செருகியிருந்தாள். கேட்டதற்குக் காது புண்ணாகிவிட்டது என்றாள். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் உண்மையைச் சொன்னாள். "துணி எடுக்கப் பணம் போதலைக்கா. அடகு வெச்சிட்டேன். அத்தைகிட்ட சொல்லிடாதீங்க." 12,000 ரூபாய்க்கு வைத்திருந்தாள். மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. அந்தக் கம்மலை மீட்க வைகாசி ஆனது. வட்டி மட்டும் 1,680 ரூபாய்.

அந்தத் தீபாவளிக்கு அவள் எனக்கு எடுத்துக் கொடுத்த புடவை 800 ரூபாய் இருக்கும். அதைக் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்த வேப்பங்குச்சிதான் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் தீபாவளிச் செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஒரு முறையைப் போட்டுப் பார்த்தோம். எங்களைப் போல நான்கைந்து வீடாகப் பிரிந்திருக்கிற குடும்பங்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தலைக்கணக்கு. வேலூர் சத்துவாச்சாரியில் நாங்கள் 6 பேர்: மாமனார், மாமியார், நான், கணவர், இரண்டு பிள்ளைகள். பெரிய கொழுந்தனார் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை, அங்கே 3 பேர். சின்னக் கொழுந்தனார் ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி வேலை, 4 பேர். நாத்தனார் குடியாத்தத்தில், அவர் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார், அங்கே 4 பேர். மொத்தம் 17. பெரியவர்கள் 10, பிள்ளைகள் 7. வருமானத்தைப் பார்த்தால் பெங்களூரும் ராணிப்பேட்டையும் மலையும் மடுவும்.

எல்லோரும் எல்லோருக்கும் எடுப்பது

இதுதான் பழைய வழக்கம். ஒவ்வொரு வீடும் மற்ற மூன்று வீட்டு ஆட்களுக்கும் துணி எடுக்கும். பேசாமல் நடந்துகொண்டிருந்தவரை இது எவ்வளவு பெரிய செலவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நோட்டில் எழுதியபோது தெரிந்தது: நாங்கள் 11 பேருக்கு, பெங்களூர் வீடு 14 பேருக்கு, ராணிப்பேட்டையும் குடியாத்தமும் ஆளுக்கு 13 பேருக்கு. மொத்தம் 51 துணி. சராசரியாக ஒன்று 800 ரூபாய் என்று வைத்தாலே 40,800 ரூபாய். அதில் ராணிப்பேட்டைப் பங்கு 10,400.

சின்னக் கொழுந்தனாருக்கு அந்த வருடம் கைக்கு வந்த போனஸ் 9,200. போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வாங்குகிற முழுச் சம்பளத்துக்கும் அந்தச் சதவீதம் கிடைப்பதில்லை, கணக்குக்கென்று சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். "ஒரு மாசச் சம்பளம் போனஸா வரும்" என்று சொல்கிற பல வீடுகளில் உண்மையில் வருவது அதைவிடக் குறைவுதான். போனஸ் முழுவதையும் மற்றவர் துணிக்கே கொடுத்தும் 1,200 ரூபாய் இடிக்கிறது. இதற்கு மேல்தான் சொந்தப் பிள்ளைகளின் துணி, பட்டாசு, பலகாரம், பஸ் செலவு எல்லாம்.

இந்த முறையில் நல்லது இல்லாமல் இல்லை. "இது சித்தப்பா எடுத்தது, இது அத்தை எடுத்தது" என்று பிள்ளைகள் பிரித்துப் பிரித்துச் சொல்வார்கள். எடுத்தவர் முகம் அந்தத் துணியோடு சேர்ந்தே நினைவில் நிற்கும். அதை விட எனக்கும் மனமில்லை. ஆனால் வாங்கினால் திருப்பிச் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கூடவே வருகிறது. பெங்களூரிலிருந்து 2,000 ரூபாய்ச் சுடிதார் வந்தால் ராணிப்பேட்டையிலிருந்து 400 ரூபாய்த் துணியைக் கொடுக்கக் கை கூசும். எல்லா வீடும் ஏறக்குறைய ஒரே வருமானத்தில் இருந்தால், ஆட்களும் பத்துப் பேருக்குள் இருந்தால், இதை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பாரம் கடைசி வீட்டின் தலையில்தான் விழும்.

ஆளுக்கு இவ்வளவு என்று உச்சவரம்பு

அடுத்த வருடம் ஒரு துணி 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்தோம். 51 துணிக்கு 25,500. ராணிப்பேட்டைக்கு 6,500. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

லாங் பஜாரில் நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது. 500 ரூபாய்க்குப் பிள்ளைகளுக்கு நல்ல சட்டை கிடைக்கும், கைலி கிடைக்கும். பெண்களுக்கு மனதுக்குப் பிடித்த புடவை கிடைப்பது கஷ்டம். அதனால் ஆளாளுக்கு "ஒரு நூறுதானே" என்று ஏறினார்கள். பெங்களூர் ஓரகத்தி தள்ளுபடியில் வாங்கியதாகச் சொல்லி 1,200 ரூபாய்த் துணியைக் கொடுத்தாள். அன்பாகத்தான் செய்தாள். ஆனால் வரம்பை ஒருவர் தாண்டினாலே அதைக் கடைப்பிடித்தவர் கஞ்சராகத் தெரிகிறார். இன்னொன்றையும் கவனித்தேன். முன்பெல்லாம் ஒரு சின்ன டவலும் வேட்டியும் கொடுத்து முடிக்கிற இடத்தில்கூட 500 வரை செலவழித்தாக வேண்டும் என்று ஆகிவிட்டது.

எண்ணிக்கை குறையாமல் விலை மட்டும் குறைந்ததால், வீட்டில் சுமாரான துணி 51 சேர்ந்தது. பாதி அடுத்த பொங்கலுக்குள் சாயம் போயிற்று. என்னைக் கேட்டால் உச்சவரம்பு மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. எத்தனை துணி என்பதில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

பெயர் எழுதிக் குலுக்குவது

வேலூரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆபீஸ்களிலும் ஆஸ்டல்களிலும் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த பெயருக்குப் பரிசு கொடுப்பார்கள். என் மகள் அதைச் சொல்லி, நாமும் செய்யலாம் என்றாள். பெரியவர்கள் 10 பேர், ஆளுக்கு ஒரு சீட்டு, சொந்த வீட்டு ஆள் வந்தால் மறுபடி எடுக்க வேண்டும், பரிசு 1,000 ரூபாய்க்குள். பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டிலேயே எடுத்துக்கொள்வது.

செலவில் இதை அடிக்க முடியாது. மொத்தமே 10,000 ரூபாய். ராணிப்பேட்டைக்கு வெறும் 2,000. ஒருவர் ஒருவருக்காக மட்டும் யோசிப்பதால் பரிசும் பொருத்தமாக அமைந்தது. என் மாமனாருக்குச் சின்ன ஓரகத்தி நல்ல காதித் துண்டும் படிக்கிற கண்ணாடிக்கு ஒரு கெட்டியான உறையும் வாங்கிக் கொடுத்தாள். அந்த உறையை அவர் இன்றும் வைத்திருக்கிறார்.

ஆனால் இரண்டு இடத்தில் மனம் கெட்டது. நாத்தனார் பெயர் பெங்களூர் ஓரகத்திக்கு வந்தது. அதனால் அண்ணன் தம்பி மூவரில் ஒருவரும் அவருக்கு எதுவும் எடுக்கவில்லை. நாத்தனார் வாய் திறக்கவில்லை. மாமியார்தான் கலங்கிப் போய், "மூணு பேரு கூடப் பொறந்தும் என் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுப் புடவை இல்லையா" என்றார். அவர் சொன்னது சரிதான். தலை தீபாவளிக்குச் செய்கிற சீரும், பிறகு வருடா வருடம் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சள் குங்குமத்தோடு வைக்கிற புடவையும் மற்றப் பரிசுகளோடு சேர்த்து எண்ணக் கூடியவை அல்ல. பிறந்த வீடு தன்னை மறக்கவில்லை என்று ஒரு பெண் தெரிந்துகொள்வது அதில்தான். அதைக் குலுக்கல் பானையில் போட்டது எங்கள் தவறு.

இரண்டாவது, பிள்ளைகள். குடியாத்தத்தின் கடைக்குட்டி, "மாமா எனக்கு ஒண்ணும் வாங்கலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. குலுக்கல் முறை சம வயதினருக்கு, அதாவது மச்சான் மச்சினிமார், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள், வேலைக்குப் போகிற பிள்ளைகள் இவர்களுக்குள் நன்றாக நடக்கும். தாத்தா பாட்டியையும் குழந்தைகளையும் அதில் சேர்க்க வேண்டாம்.

பணமாகவே கொடுத்துவிடுவது

பெங்களூர்க் கொழுந்தனார் சொன்ன வழி இது. கூகுள் பே-யில் போட்டுவிட்டால் அலைச்சல் இல்லை. ஆனால் நான் உனக்கு 500, நீ எனக்கு 500 என்றால் அதில் என்ன இருக்கிறது? சமமாக இல்லையென்றால் இன்னும் மோசம். துணியின் விலையை மறைக்கலாம், ரூபாய் நோட்டின் எண்ணை எப்படி மறைப்பது? தாத்தா காலில் விழுந்து எழுகிற பேரப் பிள்ளைக்கு வெற்றிலையில் வைத்துக் கொடுக்கிற 100 ரூபாய் வேறு. அது ஒரு பக்கமாகப் போகிறது, திரும்பி வர வேண்டியதில்லை. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டோம்.

பொதுப் பணம், ஆனால் எடுப்பது அவரவர்

இப்போது நாங்கள் வந்து நின்றிருக்கிற இடம் இது. நான்கு வீட்டுக்கும் ஒரே பொதுப் பணம். வருமானத்துக்குத் தக்கபடி பங்கு. போன தீபாவளிக் கணக்கை அப்படியே தருகிறேன்: பெங்களூர் 9,000, நாங்கள் 7,000, ராணிப்பேட்டை 3,000. மொத்தம் 19,000. மகள் வீட்டில் பணம் வாங்குவதா என்று மாமியார் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நாத்தனாரோ தன் பங்கு இல்லாமல் துணி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். கடைசியில் அவரே வழி சொன்னார். குடியாத்தம் கைலிக்குப் பேர் போன ஊர். நெசவு செய்கிற இடத்திலேயே வாங்கி ஆண்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு கைலி கொண்டுவந்தார். 2,500 ரூபாய் ஆயிற்று. பணமாகத் தராததால் மாமியாருக்கும் நிம்மதி, நாத்தனாருக்கும் மரியாதை.

19,000-ஐப் பிரித்த விதம்: பெண்கள் 5 பேருக்குப் புடவை, தலா 1,500 என்று 7,500. பிள்ளைகள் 7 பேருக்குத் தலா 1,000 என்று 7,000. ஆண்களுக்குச் சட்டை தலா 600 என்று 3,000. மீதி 1,500 பலகாரத்துக்கு. பட்டாசு அவரவர் பாடு. ஆளுக்கு ஒரு துணிதான், ஆனால் அது நல்ல துணி. பழைய முறையில் 10,400 கொடுத்துக்கொண்டிருந்த ராணிப்பேட்டை வீடு இப்போது 3,000 கொடுக்கிறது. பெங்களூர் வீட்டுக்கும் பாரம் ஏறவில்லை. அவர்கள் முன்பு 14 பேருக்கு 11,200 செலவழித்தவர்கள்.

பொதுப் பணத்தில் நான் பயந்தது வேறொன்றுக்கு. ஒருவரே போய் மொத்தமாக எடுத்து வந்தால் அது ரேஷன் கடையில் வாங்கிய மாதிரி ஆகிவிடுமே, எடுத்தவர் முகம் துணியில் இருக்காதே என்று நினைத்தேன். அதற்குக் குலுக்கலைத் திரும்பக் கொண்டுவந்தோம். இந்த முறை ஆள் பெயர் இல்லை, வீட்டின் பெயர். நான்கு சீட்டு. எந்த வீடு வருகிறதோ அந்த வீட்டு ஆட்களுக்கு நாம் போய் எடுக்க வேண்டும், பணம் பொதுவிலிருந்து. போன முறை ராணிப்பேட்டைக்கு வந்தது பெங்களூர் வீடு. முன்பு பெங்களூருக்கு எதை எடுத்தாலும் மட்டமாகத் தெரியுமோ என்று பயந்துகொண்டிருந்தவள், இந்த முறை பயமில்லாமல் ஒன்றரை ஆயிரத்துக்குப் புடவை தேர்ந்தெடுத்தாள். பெங்களூர் ஓரகத்தி அதைக் கட்டிக்கொண்டுதான் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு வந்தாள்.

நாத்தனார் சீர் இதில் சேராது. அண்ணன் தம்பி மூவரும் தனியாகப் போடுகிறார்கள், யார் எவ்வளவு என்பது அவர்களுக்குள். புடவை ஒன்றுதான், மூவர் பெயரிலும். சில வருடம் ஆரணிப் பட்டு, சில வருடம் பருத்தி. ஆரணி 1989-ல் மாவட்டம் பிரிந்தபோதே திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் என் மாமியாருக்கு அது இன்னும் வட ஆற்காட்டுப் பட்டுதான். காஞ்சிப் பட்டை விட லேசாக இருக்கும், அதே பணத்துக்குச் சற்று நல்லதாகவும் கிடைக்கும். நேரடியாக வாங்கினாலும் அசல் பட்டு என்று காட்டுகிற சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த முறைக்கு ஒரு தேவை உண்டு. வருமானத்தை நாலு பேர் முன் ஏறக்குறையவாவது சொல்ல வேண்டும். அதற்குத் துணியாத குடும்பத்தில் இது நடக்காது. அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் எடுப்பது, மற்றப் பெரியவர்களுக்குள் எதுவும் இல்லை என்று முடிவு செய்வது நல்லது. எங்கள் கணக்கில் அதுவே கிட்டத்தட்டப் பாதிச் செலவைக் குறைத்திருக்கும்.

பணத்தை எங்கே சேர்ப்பது

பங்கு 3,000 என்றால் மாதம் 250 ரூபாய். ஒரே தடவையில் புரட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதும் சம்பளக்காரருக்கு முக்கியம். 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. மாத நடுவில் வந்தால் பழைய சம்பளம் தீர்ந்திருக்கும், புதுச் சம்பளம் வந்திருக்காது. கடன் வாங்குவது அந்த இடைவெளியில்தான்.

தீபாவளிச் சீட்டை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மாதம் 500 கட்டினால் தங்கக் காசு, பட்டாசு, எண்ணெய், மளிகை எல்லாம் தருவதாக நோட்டீஸ் வரும். என் அம்மா வீட்டுத் தெருவில் தெரிந்தவர் என்று நம்பிப் பன்னிரண்டு மாதம் கட்டினோம், 6,000 ரூபாய். ஐப்பசி பிறந்தபோது அவர் வீடு பூட்டியிருந்தது. அம்மா அதற்கு அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை, அவர் பேச்சைக் கேட்டு நாலு பேரையும் சேர்த்துவிட்டதற்காக. 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டு வேறு, இந்த மாதிரி வேறு. பதிவு எண் கேளுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நகைக் கடைச் சீட்டு தங்கம் வாங்குகிறவர்களுக்கு. அது 11 மாதமாக இருப்பதற்குக் காரணம், பொருளுக்கென்று வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்கு மேல் வைத்திருந்தால் டெபாசிட் என்று கருதப்படும் என்று 2014-ல் வந்த கம்பெனி விதி. முடிவில் நகைதான் கிடைக்கும், துணிக்குப் பணமாகக் கிடைக்காது. தபால் ஆபீஸ் ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு, பாதுகாப்பானது, 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். ஆனால் அது ஐந்து வருடக் கணக்கு, மூன்று வருடத்துக்கு முன் மூட முடியாது. வருடா வருடம் எடுக்க வேண்டிய பணத்துக்குச் சரிப்படாது. எங்களுக்குப் பேங்கில் ஒரு வருட ஆர்.டி.தான் ஒத்துவந்தது. மாதம் 1,500 போட்டால் 18,000, ஆறரை சதவீத வட்டி என்றால் கூட 600 ரூபாய்க்கு மேல் வரும். வட்டிக்காக அல்ல, நடுவில் கை வைக்கத் தயங்குவோம் என்பதற்காக.

வாங்குகிற நேரத்திலும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். புடவையையும் சட்டையையும் ஆடித் தள்ளுபடியில் எடுத்து வைக்கலாம். பிள்ளைகள் துணியை அப்படி எடுக்காதீர்கள், மூன்று மாதத்தில் வளர்ந்துவிடுவார்கள். என் மகன் பேண்ட் இரண்டு வருடம் கணுக்காலுக்கு மேல் நின்றது. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளிக்கு 30 சதவீதத் தள்ளுபடி தருகிறார்கள், பருத்திப் புடவைக்கு நான் முதலில் பார்ப்பது அங்கேதான். ரெடிமேட் எடுக்கும்போது ஒன்றின் விலை 2,500-ஐத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 5 சதவீதத்திலிருந்து 18-க்குப் போய்விடும் என்பதையும் மனதில் வையுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து அப்படி.

பொதுப் பணக் கணக்கு நோட்டை முதல் வருடம் நான் வைத்திருந்தேன். மூத்த மருமகள் கையிலேயே பணம் இருந்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்று எனக்கே தோன்றியது. அதனால் வருடத்துக்கு ஒரு வீடு என்று மாற்றினோம். இந்த வருடம் நோட்டு ராணிப்பேட்டையில். மாதம் பிறந்ததும் ஓரகத்தி எல்லோருக்கும் போன் செய்கிறாள். போன வாரம் பெங்களூருக்கே போன் போட்டு, "அக்கா, போன மாசம் உங்க பங்கு இன்னும் வரலியே" என்று கேட்டாளாம்.